எரிந்த கோபுரத்துக்கு பேக் அப் இருந்தது! உங்கள் போட்டோக்களுக்கு?

2019 ஏப்ரல் 15. பாரீஸ் நகரின் புகழ் பெற்ற நோட்ர டாம் தேவாலயம் தீப்பற்றி எரிந்ததை உலகமே டிவியில் பார்த்தது. மாலையில் பிடித்த தீ, சில மணி நேரத்தில் கூரையைத் தின்றுவிட்டது. ஊசி போல் உயர்ந்து நின்ற கோபுரம் முறிந்து விழுந்தது. கூரையைத் தாங்கிய ஓக் மரச் சட்டங்களில் பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அத்தனையும் சாம்பல்.

ஆனால் 2024 டிசம்பரில் அதே தேவாலயம், அதே தோற்றத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. இது எப்படி முடிந்தது? தச்சர்களும் கல் கொத்தர்களும் இரவு பகலாக உழைத்தார்கள். அவர்களுக்குத் துணையாகச் சில பைல்களும் இருந்தன.

லேசர் எடுத்த அளவு

அமெரிக்காவின் வாசார் கல்லூரியில் கலை வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர் ஆண்ட்ரூ டாலன். இவர் 2010-ல் லேசர் ஸ்கேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு நோட்ர டாம் தேவாலயத்தின் உள்ளும் வெளியும் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் வைத்து அளவெடுத்தார்.

நம் வீட்டில் பேப்பரை வைத்து எடுக்கும் ஸ்கேனர் அல்ல இது. ஸ்டாண்டில் நின்றபடி சுற்றிச் சுற்றி ஒளிக்கற்றையை அனுப்பும். ஒளி சுவரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிடும். 30 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் 200 நானோ செகண்ட் மட்டுமே. ஒரு செகண்டை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோ செகண்ட்!

இப்படி அவர் சேகரித்த புள்ளிகள் 100 கோடிக்கும் மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்று வைத்துக்கொண்டால் 100 கோடி புள்ளிகளுக்குச் சுமார் 12 ஜிபி. ஆம், 850 ஆண்டு பழமையான ஒரு தேவாலயத்தின் அளவுகள், ஒரு 16 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும்!

டாலன் 2018-ல் காலமானார். அடுத்த ஆண்டே தீ விபத்து. அவர் விட்டுச் சென்ற அளவுகள் மறுகட்டுமானத்துக்குக் கை கொடுத்தன. 2014-ல் இரண்டு பிரெஞ்சு கட்டடக் கலைஞர்கள் கூரையின் மரச் சட்டங்களை அளந்து வரைந்து வைத்திருந்த படங்களும் உதவின.

பேக் அப் இல்லாவிட்டால்?

ஆப்கானிஸ்தானின் பாமியான் மலையில் 55 மீட்டர், 38 மீட்டர் உயரத்தில் செதுக்கப்பட்டிருந்த இரு புத்தர் சிலைகளை 2001 மார்ச்சில் தலிபான்கள் வெடி வைத்துத் தகர்த்தனர். அவற்றை யாரும் லேசரால் ஸ்கேன் செய்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், 1970-ல் எடுக்கப்பட்ட பழைய போட்டோக்களைத் தேடிப் பிடித்துத்தான் பெரிய சிலையை கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவமாக்கினார்கள்.

இந்த இழப்பு ஈராக்கில் பிறந்த பென் கசிரா என்ற பொறியாளரை உலுக்கியது. எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய லேசர் ஸ்கேனரை உருவாக்கியவர்களில் ஒருவர் இவர். உலகின் நினைவுச் சின்னங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்க 2003-ல் சைஆர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். உகாண்டாவின் கசுபி அரச கல்லறைகளை இந்த அமைப்பு 2009-ல் ஸ்கேன் செய்தது. 2010 மார்ச்சில் அவை தீக்கிரையாயின!

நீங்களும் பார்க்கலாம்

இந்த இடங்களை வீட்டிலிருந்தே சுற்றிப் பார்க்க கூகுள் எர்த் உதவும். பிரவுசரில் அதைத் திறந்து, தேடல் கட்டத்தில் இடத்தின் பெயரைத் தந்து என்டர் தட்டவும். மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டினால் அருகில் செல்லலாம். ஷிப்ட் கீயை அழுத்தியபடி மவுஸால் இழுத்தால் காட்சி சாயும். பாமியானைத் தேடிப் பாருங்கள். வெறும் மலைக் குகைகள்தான் தெரியும்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம்

பாட்டியின் போட்டோ, தங்கையின் திருமண வீடியோ, குழந்தையின் முதல் நடை. இவையும் உங்கள் வீட்டின் நினைவுச் சின்னங்கள்தானே? இவற்றுக்கு எத்தனை காப்பி வைத்திருக்கிறீர்கள்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலர், சி டிரைவில் உள்ளதை டி டிரைவிலும் காப்பி செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பகுதிகளே. டிஸ்க் கெட்டால் இரண்டும் போய்விடும். எனவே இப்படிச் செய்திடுங்கள்:

1. முக்கியமான போட்டோக்களை ஒரே போல்டரில் சேர்க்கவும்.

2. அதை வெளியே இணைக்கும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கவும்.

3. இன்னொரு காப்பி வேறு இடத்தில் இருக்கட்டும். கூகுள் டிரைவ் போன்ற இணைய சேமிப்பகமாகவும் இருக்கலாம், ஊரில் உள்ள அண்ணன் வீட்டு பீரோவாகவும் இருக்கலாம்.

4. மாதம் ஒரு முறை அந்த காப்பியில் இரண்டு படங்களைத் திறந்து பார்க்கவும். திறக்காத பேக் அப் இருந்தும் பயனில்லை.

நோட்ர டாம் எரியும் என்று நினைத்து டாலன் ஸ்கேன் செய்யவில்லை. அதை எப்படிக் கட்டினார்கள் என்று அறியும் ஆசையில்தான் செய்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒதுக்கும் ஒரு மணி நேரமும் அப்படி என்றாவது ஒருநாள் கை கொடுக்கும்.