ஒரே வரியில் ஒரு 'இஃப்'

நம் சங்கத்தின் சந்தா நினைவூட்டுச் சீட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, கம்ப்யூட்டரில் தயாரித்துத் தருகிறேன் என்று நானாகவே முன்வந்தேன். பேரனின் புத்தகத்தை வைத்துக்கொண்டு பைத்தான் என்ற ஸ்கிரிப்டிங் மொழியை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். அந்த உற்சாகம்தான் காரணம். சீட்டுகள் போய்ச் சேர்ந்த மறுநாள், எண்பது வயதைக் கடந்த அன்பர் ஒருவர் போன் செய்தார். "என்ன சார், ஆயுள் சந்தா கட்டினவனிடம் 300 ரூபாய் கேட்டு சீட்டு வந்திருக்கிறதே! என் ஆயுள் முடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டீர்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனாலும் குரலில் வருத்தம் இருந்தது. பார்த்தால், ஆயுள் உறுப்பினர்கள் 23 பேருக்கும் அதே சீட்டு!

தவறு ஒரே வரியில் இருந்தது. அதை இங்கே தருகிறேன். பைத்தான் 3 வெளிவந்த 2008 முதல், நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். மொழிக்கே உரிய சொற்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே அவற்றை உச்சரிப்பின்படி எழுதுகிறேன்.

கட்டணம் = பதிவு ஆர் 300

உறுப்பினர் பட்டியலில் கட்டணம் எழுதியிருந்தால் அதை எடுத்துக்கொள், கட்டம் காலியாக இருந்தால் 300 என்று வைத்துக்கொள் என்பது என் எண்ணம். நான்கு வரியில் எழுத வேண்டியதை ஒரே வரியில் முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. ஆனால் 'ஆர்' என்ற சொல் "காலியா?" என்று கேட்பதில்லை, "பொய்யா?" என்று கேட்கிறது. பைத்தானுக்கு 0 பொய். எழுத்தே இல்லாத சொல் பொய். ஒன்றுமில்லாத பட்டியலும் பொய்தான். ஆயுள் உறுப்பினர்களுக்கு நேரே நம் பொருளாளர் அழகாக 0 என்று எழுதி வைத்திருந்தார். அந்த 0, 300 ஆகிவிட்டது.

சரியான வரி இது:

கட்டணம் = 300 இஃப் பதிவு இஸ் நன் எல்ஸ் பதிவு

'நன்' என்பது மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் பைத்தான் சொல். பட்டியலில் கட்டம் காலி என்றால் என் புரோகிராமுக்கு அது 'நன்' என்று வந்து சேரும். 0 என்றால் 0 என்றே வரும். இந்த வரியும் ஒற்றை வரிதான், கொஞ்சம் நீளம். ஆனால் படிப்பவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்பது தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஒற்றை வரி 'இஃப்-எல்ஸ்' பைத்தானில் ஆரம்பத்திலிருந்து இருந்ததல்ல. 2006-ல் வந்த 2.5 பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதுவரை 'ஆண்ட்', 'ஆர்' இரண்டையும் கோத்து ஒரு தந்திரம் செய்துவந்தார்கள். நடுவில் வரும் மதிப்பு 0 ஆக இருந்தால் அந்தத் தந்திரம் தவறான விடை தரும். ஆக, என் 23 சீட்டுகளின் கதை பலருக்கும் ஏற்கெனவே நடந்த கதைதான். அந்தத் தொல்லையால்தான் புது வடிவமே பிறந்தது.

'ஆர்' செய்யும் இன்னொரு விஷமம்: மூன்றாம், ஐந்தாம் பகுதி உறுப்பினர்களை மட்டும் எடுக்க, பேசுகிற மாதிரியே 'இஃப் பகுதி == 3 ஆர் 5' என்று எழுதத் தோன்றும். 5 தனியாக நின்று எப்போதும் உண்மையாகிவிடும், எல்லோரும் வந்துவிடுவார்கள். 'இஃப் பகுதி இன் (3, 5)' என்று எழுதுங்கள். இங்கே சுருக்கமும் தெளிவும் ஒன்றாகவே கிடைக்கின்றன. அதேபோல, வயது 60-க்குக் குறையாமல் 80-க்குள் என்பதை '60 <= வயது < 80' என்று பள்ளிக்கூடக் கணக்கைப் போலவே எழுதலாம். எல்லா மொழிகளிலும் இந்தச் சலுகை கிடையாது.

நிபந்தனைகள் அதிகமானால் 'இஃப்'புக்குள் 'இஃப்' வைத்து வரிகள் வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டேஷனில் பாயிண்ட் சரியாகப் பொருந்திப் பூட்டியிருக்கிறதா, பாதை காலியா என்பவற்றில் ஒன்று இல்லையென்றாலும் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். அதற்கு மேல் பேச்சில்லை. புரோகிராமிலும் அப்படியே செய்யலாம். முகவரி இல்லையா, 'ரிட்டர்ன்'. பாக்கி இல்லையா, 'ரிட்டர்ன்'. இவற்றைத் தாண்டி வந்தவருக்குத்தான் சீட்டு. வரிகள் குறையாது, ஆனால் படிக்கிறவர் நான்கு நிபந்தனைகளைத் தலையில் சுமந்துகொண்டு கீழே வரவேண்டியதில்லை.

ஒற்றை வரிக்குள் இரண்டு 'எல்ஸ்' வைப்பதை மட்டும் நான் விட்டுவிட்டேன். இரவு எழுதியது காலையில் எனக்கே புரியவில்லை.

ஆயுள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் போனில் மன்னிப்புக் கேட்டேன். மூன்று பேர் அதற்குள் பணமே கட்டிவிட்டிருந்தார்கள்; திருப்பிக் கொடுத்தோம். இப்போது அந்த வரிக்கு மேலே தமிழில் ஒரு குறிப்பு இருக்கிறது: "0 என்றால் ஆயுள் உறுப்பினர். கேட்கக் கூடாது."