காசநோய் ஏன் நுரையீரலின் உச்சியைத் தேடுகிறது?

கிராமத்துக்காரருக்கு எடுத்த எக்ஸ்ரேயானாலும் சென்னைக்காரருடையதானாலும், காசநோய்ச் சந்தேகம் என்றால் மருத்துவரின் கண் முதலில் போவது காரை எலும்பை ஒட்டிய நுரையீரல் உச்சிக்குத்தான். ஏன் அங்கே?

நிமிர்ந்த உடலில் ரத்தம் நுரையீரலின் கீழ்ப்பகுதிக்கே அதிகம் பாய்கிறது. உச்சியில் ரத்தம் குறைவு என்பதால் ஆக்சிஜன் மிஞ்சி நிற்கிறது. காசநோய்க் கிருமிக்கு அது தோதான இடம். பெரியவர்களிடம் உறங்கிக் கிடந்த பழைய தொற்று தலைதூக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

காற்று நிறைந்த நுரையீரல் எக்ஸ்ரே படத்தில் கறுப்பு. அழற்சி நீரும் செல்களும் காற்றறைகளை அடைத்தால் கதிர் தடைபட்டு வெள்ளைத் திட்டு விழும். செத்த திசு இளகி, மூச்சுக்குழாய் வழியே இருமலில் வெளியேறினால் வெள்ளை வளையத்துக்குள் கறுப்புக் குழி. கிருமிகள் மண்டிய அந்தக் குழி உள்ளவரின் இருமல்தான் பிறருக்கு அதிகம் தொற்றும்.

ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் கீழ்ப்பகுதியிலும் வரலாம். எச்.ஐ.வி. முற்றியவரின் படம் சுத்தமாகக்கூட இருக்கலாம்!

இந்தியாவின் 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தப்பிப் போயிருப்பார்கள். ஆனால் ஆறிய தழும்பும் புற்றுநோயும் படத்தில் இதே வேடம் போடும். அதனால்தான் படத்தில் திட்டைக் கண்டதும் சளியை மூலக்கூறு பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.