லாரிகளில் நீரியல் கிளட்ச்

நீரியல் கிளட்ச் என்பது ஓட்டுநர் மிதிக்கும் பெடலின் விசையை, இரும்புக் கம்பி வழியாக அல்லாமல், குழாயில் அடைபட்ட திரவத்தின் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டு செல்லும் அமைப்பாகும். கையால் கியர் மாற்றும் பிக்கப் வண்டிகள், லாரிகள், பேருந்துகள் ஆகியவற்றில் இது பரவலாக உள்ளது. பெயரில் நீர் இருந்தாலும் இதில் தண்ணீருக்கு இடமில்லை. பெரும்பாலான வண்டிகளில் பிரேக்குக்கு ஊற்றும் திரவமே இதற்கும் ஊற்றப்படுகிறது.

என்ஜினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இருக்கிறது. டயாஃப்ரம் ஸ்பிரிங் என்னும் தட்டு வடிவ வில் இம்மூன்றையும் எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். எனவே ஓட்டுநரின் கால் செய்வது இணைக்கும் வேலை அன்று, பிரிக்கும் வேலை. இது மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

விசை செல்லும் வழி

பெடலை மிதித்ததும் அதன் தள்ளுகோல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறது. அங்கிருந்து திரவம் குழாய் வழியே கியர்பாக்ஸ் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டரை அடைந்து, அதன் பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. அந்தப் பிஸ்டன் ஃபோர்க்கை அசைக்க, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை முன்னே நகர்த்த, பேரிங் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது. பிரஷர் பிளேட் விலகுகிறது, கியர் விழுகிறது.

அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதிதான் இதற்கு அடிப்படை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெடலின் நெம்புகோல் விகிதம் 6, மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மி.மீ., ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 25 மி.மீ., ஃபோர்க்கின் விகிதம் 2 என்று கொள்வோம். கால் 10 கிலோ எடைக்குச் சமமான விசையில் அழுத்தினால் மாஸ்டர் பிஸ்டனில் அது 60 கிலோ ஆகிறது. ஸ்லேவ் பிஸ்டனின் பரப்பு 1.56 மடங்கு என்பதால் அங்கே ஏறத்தாழ 94 கிலோ; பேரிங்கில் ஏறத்தாழ 187 கிலோ. ஆனால் பெடல் 150 மி.மீ. இறங்கும்போது மாஸ்டர் பிஸ்டன் 25 மி.மீ., ஸ்லேவ் பிஸ்டன் 16 மி.மீ., பேரிங் வெறும் 8 மி.மீ. நகர்கின்றன. விசையில் கிடைத்த லாபத்தைத் தூரத்தில் கொடுத்தாயிற்று. திரவம் புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்குவதில்லை.

இந்தக் கணக்கில் ஒரு மிதிக்கு நகரும் திரவம் 8 மி.லி.க்கும் குறைவு, இரண்டு தேக்கரண்டிகூட நிரம்பாது. நீரியல் கிளட்சின் பெரும்பாலான தொல்லைகள் இந்தச் சிறு அளவிலிருந்தே கிளம்புகின்றன. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் 2 மி.லி. காற்று தங்கினால், அதைச் சுருக்குவதிலேயே கால்பங்கு நகர்வு வீணாகி, பேரிங் 8 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ. மட்டும் நகரும். பிளேட் முழுதாக விலகாது. கியர் கரகரவென்று உரசும்; ரிவர்ஸ் கியர் அடம்பிடிக்கும். ஓட்டுநர் கியர்பாக்ஸையே குறை சொல்லி அதைக் கழற்றச் சொல்வதும் உண்டு. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்ததும் கியர் விழுந்தால், கியர்பாக்ஸைத் தொடும் முன் காற்றையும் கசிவையும் பார்க்க வேண்டும். பெடலை மிதித்தே வைத்திருக்கையில் வெளியே கசிவு இல்லாமலே கிளட்ச் மெல்லப் பிடிக்கத் தொடங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்து திரவம் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது என்று பொருள்.

தானே சரிசெய்துகொள்ளும் துளை

மாஸ்டர் சிலிண்டரில், மேலேயுள்ள திரவக் குப்பியோடு இணைக்கும் ஒரு நுண்துளை உண்டு. பெடலை விட்டதும் பிஸ்டன் அதைக் கடந்து பின்னே வந்து துளையைத் திறந்துவிடும். கிளட்ச் பிளேட் தேயத் தேய ஸ்பிரிங்கின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் சாய்ந்து, ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். மிஞ்சிய திரவம் இத்துளை வழியே குப்பிக்குத் திரும்பும். அதனால்தான் பிரேக் தேய்ந்தால் குப்பியில் மட்டம் இறங்குகிறது, கிளட்ச் தேய்ந்தாலோ சற்று ஏறுகிறது. கிளட்ச் குப்பியில் மட்டம் இறங்கினால் எங்கோ கசிவு என்றே கொள்ள வேண்டும்.

பெடலின் தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது இடைவெளி விடச் சொல்வதும் இத்துளைக்காகவே. இடைவெளி இல்லாவிட்டால் துளை மூடியே கிடக்கும். வண்டி ஓடிச் சூடானதும் விரிந்த திரவம் போக வழியின்றிக் கிளட்சைப் பாதி மிதித்ததுபோல் வைத்திருக்கும். ஓட்டுநர் ஆஃப் கிளட்ச்சில் ஓட்டாமலே பிளேட் கருகிப்போகும்.

பிரேக் ஆயில் என்னும் பெயர்

பட்டறைகளில் இத்திரவத்தைப் பிரேக் ஆயில் என்கிறார்கள். உண்மையில் வழக்கமான டாட் 3, டாட் 4 வகைகள் எண்ணெய் அல்ல, கிளைக்கால் சேர்மங்கள். பெயரை நம்பி அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் உப்பிச் சிதைந்துவிடும். பிறகு இரு சிலிண்டர்களையும் குழாயையும் சேர்த்தே பழுதுபார்க்க வேண்டிவரும். கிளட்சும் பிரேக்கும் ஒரே குப்பியைப் பகிரும் வண்டிகளில் அந்தத் தவறு பிரேக்கையும் கெடுக்கும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமலிருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 பாகைதான். மூடி திறந்து நாள்பட்ட டப்பாவைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது. வண்டியின் வண்ணப்பூச்சில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

கனரக லாரிகள்

கனரக லாரியின் ஸ்பிரிங் மிகக் கடினமானது. அதனால் ஸ்லேவ் சிலிண்டருக்குப் பதிலாகக் கிளட்ச் பூஸ்டர் பொருத்தப்படுகிறது. திரவ அழுத்தம் ஒரு வால்வைத் திறக்க, பிரேக்குக்காக டாங்கியில் சேமித்த காற்று பெரிய பிஸ்டனைத் தள்ளி உதவுகிறது. டாங்கியில் காற்று இறங்கினால் பெடல் கல்லாக இறுகும். மென்மையாக அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஒரே காற்றுதான், இருக்க வேண்டிய இடம் வேறு.

ஃபோர்க் இல்லாத அமைப்பும் உண்டு. அமெரிக்காவில் 2011 வரை உற்பத்தியான ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பில் ஸ்லேவ் சிலிண்டர் வளைய வடிவில் கியர்பாக்ஸ் தண்டைச் சுற்றியே அமைந்து, பேரிங்கை நேராகத் தள்ளியது. உறுப்புகள் குறைவு என்பது இதன் நன்மை. ஆனால் சில ரூபாய் பெறும் வாஷர் கசிந்தாலும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஆகவே இத்தகைய வண்டிகளில் கிளட்ச் பிளேட் மாற்ற இறக்கும்போதே ஸ்லேவ் சிலிண்டரையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுவது வழக்கம்.