ஸ்லோவில் நிற்காத வண்டி
(பட்டறைப் பக்கம் – 14)

வாத்தியார் காரை விட்டு இறங்கும்போதே கையில் ஒரு கத்தை பில். நான்கு பிளக், ஒரு காயில், திராட்டில் பாடி சுத்தம் செய்த கூலி, கடைசியாக ஒரு பெட்ரோல் பம்ப். இரண்டு மாதத்தில் இவ்வளவும் மாற்றியாகிவிட்டது. “சிக்னலுக்குச் சிக்னல் ஆஃப் ஆயிருதுங்க. பின்னாடி ஹாரன் அடிக்கிறவனுக்குப் பயந்தே காந்திபுரம் பக்கம் போறதில்லை” என்றார்.

ஸ்பேனரை எடுக்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான். எப்போது நிற்கிறது? ஓடிச் சூடான பிறகு நின்று, அரைமணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனால் என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். ஏசி போட்டதும் திணறினால் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மேட்டில் ஏறும்போதும் வெட்டி வெட்டி இழுத்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். பிளக், காயில் எல்லாம் அதற்குத்தான்.

வாத்தியார் வண்டி மேட்டில் ஜம்மென்று ஏறுகிறது. ரேஸ் பண்ணினால் சத்தம் சுத்தம். ஸ்லோவில் மட்டும்தான் தகராறு. அப்படியென்றால் எங்கோ ஏர் இழுக்கிறது.

ஸ்லோவில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றுதான் சுற்றும். திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்ச உறிஞ்ச, மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. இந்த வண்டியில் ஏர் ஃபில்டரை அடுத்துள்ள சென்சார் காற்றை அளந்து சொல்ல, அதற்குத் தக்கபடி பெட்ரோல் போகும். சென்சாருக்கு அந்தப் பக்கம் ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்துவிடும். ஒரு டம்ளர் மோரில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் நாக்குக்குத் தெரியும். அண்டா மோரில் தெரியாது. ரேஸ் பண்ணும்போது கோளாறு மறைவது அதனால்தான்.

ஸ்கேனர் போட்டதில் ‘லீன்’ என்று வந்தது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். முன்பு பார்த்தவர்கள் பெட்ரோல் குறைவு என்பதை மட்டும் படித்துவிட்டுப் பம்பை மாற்றியிருக்க வேண்டும். காற்று எந்தச் சந்தில் நுழைகிறது என்று ஸ்கேனர் சொல்லாது.

ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்லோவில் விட்டேன். லேசாக ஆடியது, நிற்கவில்லை. ஹோஸ் இணைப்புகளில் பையன் ஸ்ப்ரேயரால் தண்ணீர் அடித்துப் பார்த்தான். மாற்றமில்லை. ஆனால் சிக்னலில் மட்டும் ஏன்? சிக்னலில் கால் எங்கே இருக்கும்?

“ஐயா, பிரேக்கை ஒருக்கா மிதிங்க.”

மிதித்தார். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம். ஊசி 500-க்கு விழுந்தது; வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது.

பிரேக் பூஸ்டர். மேனிஃபோல்டின் வெற்றிடத்தைக் கடன் வாங்கி நம் காலுக்குத் துணை நிற்கிற தட்டு அது. உள்ளே ஒரு ரப்பர் திரை. அது கிழிந்தால் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் வெளிக்காற்று நேராக இன்ஜினுக்குப் போகும். பூஸ்டர் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் நசுக்கிப் பிடித்து மறுபடி மிதிக்கச் சொன்னேன். ஊசி 800-ஐ விட்டு அசையவில்லை. (நிற்கிற வண்டியில் மட்டும் செய்கிற சோதனை இது. ஹோஸை அடைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்டினால் பிரேக்குக்குத் துணை கிடையாது.)

“பிரேக் கெட்டியா இருக்குமே, கவனிக்கலீங்களா?” என்றேன்.

வாத்தியார் பில் கத்தையை மடித்துப் பையில் வைத்தார். “இருந்துச்சுங்க. வயசாயிருச்சு, கால்ல தெம்பு போயிருச்சுன்னு நினைச்சேன்.”