வீடு வாங்க வேளை எது?

"இப்பவே வாங்கிடலாமா, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமா?" கல்யாணப் பந்தியிலும், ரேஷன் கடை வரிசையிலும் இந்தக் கேள்வியைக் கேட்காத நாளில்லை. எங்கள் வீட்டிலும் ஆறு மாதமாக இதே பேச்சுத்தான். என் வீட்டுக்காரருக்கு வயது 43. தனியார் கம்பெனி வேலை, 58-ல் ஓய்வு. மேற்கு மாம்பலத்தில் 18,000 ரூபாய் வாடகை.

"வரியெல்லாம் ஏறிப்போச்சு, சொந்த வீடு எதுக்கு?" என்பது அவர் கட்சி. வரி ஏறியது உண்மைதான். 1998-க்குப் பிறகு, 2018-ல் ஏற்றிய சொத்து வரியையும் மறு வருஷமே நிறுத்தி வைத்தார்கள். ஆனால் 2022-ல் சென்னையின் பழைய பகுதிகளில் 601 முதல் 1200 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 75 சதவிகிதம், 1800 சதுர அடிக்கு மேல் 150 சதவிகிதம் என்று கூட்டினார்கள். 2024-ல் இன்னும் 6 சதவிகிதம். ஆனால் வாடகைக்கு இருப்பவர் இதிலிருந்து தப்பினாரா? எங்கள் வீட்டுக்காரம்மா வரி ரசீதைக் காட்டித்தானே வாடகையைக் கூட்டினார்! வரியும் சொந்த வீட்டுச் செலவில் ஒன்றுதான். ஆனால் வாங்குவதா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. வங்கித் தவணைதான் கழுத்தைப் பிடிக்கும் சமாசாரம்.

நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். 50 லட்ச ரூபாய்க்குக் கைமாறும் பழைய ஃபிளாட். வங்கி 80 சதவிகிதம், அதாவது 40 லட்சம் தரும். மீதி 10 லட்சம் நம் கையிலிருந்து போட வேண்டும். அதோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவிகிதம். இது நாலரை லட்சம். பலர் இந்த நாலரையை மறந்துவிட்டுக் கடைசியில் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். 40 லட்சத்துக்கு எட்டரை சதவிகித வட்டியில் 20 வருஷத் தவணை மாதம் சுமார் 34,700. முதல் வருஷம் கட்டும் 4 லட்சத்து 16 ஆயிரத்தில் அசலில் கழிவது ஏறக்குறைய 80 ஆயிரம்தான்! வட்டி ஒரு சதவிகிதம் ஏறினால் தவணை 37,300 ஆகிவிடும். 2022-ல் ரிசர்வ் வங்கி மளமளவென்று வட்டியை ஏற்றினபோது பார்த்தோமே.

சரி, பொறுத்தால்? வாடகைக்கும் தவணைக்கும் உள்ள வித்தியாசமான 16,700-ஐ மாதாமாதம் சேர்த்தால் வருஷத்துக்கு இரண்டு லட்சம். வீட்டு விலை வருஷம் 5 சதவிகிதம் ஏறினாலே இரண்டரை லட்சம் கூடிவிடும். துரத்தத் துரத்த ஓடுகிற கதை. ஆனாலும் அந்த 16,700-ஐ வங்கியில் ஆர்.டி. கட்டி ஆறு மாதம் குடும்பம் நடத்திப் பாருங்கள். கடன் வாங்காமல் ஓடினால் உங்களுக்குத் தவணை கட்டத் தெம்பு இருக்கிறது. நாங்கள் நடத்திப் பார்த்தோம். மூன்றாம் மாதமே மூச்சு வாங்கியது.

"வாடகைச் சுவரிலே ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி கேக்கணும்டி" என்கிறார் மாமியார். அவர் ஆசை நியாயம்தான். ஆனால் 20 வருஷக் கடன் தீரும்போது அவருக்கு 63 வயது, சம்பளமில்லாத ஐந்து வருஷத்துக்கு யார் தவணை கட்டுவது? ஆகவே விலையைச் சுருக்கிக்கொண்டோம். 40 லட்சத்தில் சின்ன ஃபிளாட், 30 லட்சம் கடன், 15 வருஷம். தவணை 29,500-க்குப் பக்கம். கையிலிருந்து 13 லட்சத்து 60 ஆயிரம் போக வேண்டும், அதுவரை சேமிப்பு இருக்கிறது. அம்மா போட்ட நகை மகளுக்காக அப்படியே பெட்டியில் இருக்கும். ஹாலில் ஊஞ்சல் மாட்ட இடமில்லை. போகட்டும்.

இன்னொரு விஷயம். பெண்கள் பேரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவிகிதச் சலுகை 2025 ஏப்ரலிலிருந்து உண்டு. ஆனால் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஊரில் மனை வாங்குகிறவர்கள் கவனியுங்கள். வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் சென்னையில் 5 சதவிகிதம் ஊக்கத் தொகை உண்டு. வாங்கும் முன் பழைய வரி பாக்கி இருக்கிறதா என்று ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் கட்டியாச்சும்மா" என்று வாயால் சொன்னால் போதாது.

பத்திர நகல்கள் இப்போது வக்கீலிடம் இருக்கின்றன. 30 வருஷ வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதாம். மூலப் பத்திரத்தில்தான் ஒரு வாரிசின் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது. தரகர், "அட்வான்ஸ் கொடுங்க, பின்னாடி வாங்கிக்கலாம்" என்கிறார். கையெழுத்து வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.