பிறர் பொருட்டு வேண்டுதல்

இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலைக் கோயிலைப் பற்றி டில்லித் தமிழன்பர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அருச்சனைச் சீட்டும் தேங்காய்த் தட்டுமாக அங்கே நின்றறியாத இல்லத்தார் நம்மிற் சிலரே. குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். கணவர், மனைவி, மக்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் மூத்தவன் என்று ஒப்பித்து முடிப்போம். இவர்கட்கெல்லாம் நீண்ட ஆயுளும் நோயின்மையும் செல்வமும் பெருகுக என்று சங்கற்பம் செய்வார். நமக்கு வேண்டுவன அனைத்தும் அதில் அடங்கிவிடுகின்றன. நமக்காகப் பேச நாம் தனியே கற்கவேண்டிய தொல்லையே இல்லை!

பிறர்க்காகப் பேசப் புகும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது.

எங்கள் அடுத்த வீட்டில் கடுவால் மலைநாட்டைச் சேர்ந்த முதிய தம்பதியர் வாழ்ந்தனர். கணவர் ஈராண்டாகப் படுக்கையில் இருந்தார். "அவருக்காக முருகனிடம் வேண்டுகிறோம்" என்று நானும் என் மனைவியும் அந்த அம்மையாரிடம் சொன்னோம். சொன்னபடியே வேண்டியும் வந்தோம். அவர் எழுந்து நடக்கவேண்டும், பல்லாண்டு வாழவேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம். விபூதி கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அம்மையார் கைகூப்பி வாங்கிக்கொள்வார். முகம் மட்டும் மலராது. காரணத்தை நாங்கள் வினவவில்லை.

அக்காலத்தில்தான் பெரியபுராணத்தில் திருமருகல் நிகழ்ச்சியை மீண்டும் படித்தேன். தன் தந்தையின் மருமகனோடு அவருக்குத் தெரியாமல் புறப்பட்டு வந்த பெண்ணொருத்தி, வழியில் அவ்வூர்க் கோயிலின் அருகே ஒரு மடத்தில் தங்குகிறாள். இரவில் பாம்பு தீண்டி அவன் மாள்கிறான். மணமாகவில்லையாதலின் அவனைத் தொடவும் அஞ்சி, உற்றார் ஒருவருமில்லாத ஊரில் அவள் அரற்றுகிறாள். அயலூரில் பிழைக்க வந்த நமக்கு அந்தத் தனிமை ஓரளவு விளங்கும். வழிபட வந்த ஞானசம்பந்தர் அவ்வழுகையைக் கேட்டு அவளிடம் செல்கிறார், அஞ்சாதே என்கிறார், நேர்ந்ததைக் கேட்கிறார். ஏழு பெண்களைப் பெற்ற தந்தை, மருமகனுக்கென்று சொல்லிவைத்த மகளையும் அடுத்தடுத்தவர்களையும் பொருளுக்கு ஆசைப்பட்டு அயலார்க்குக் கொடுத்தது முதல் எல்லாவற்றையும் அவள் சொல்கிறாள். அதன் பிறகே பாடுகிறார். இரண்டாம் திருமுறையிலுள்ள அப்பதிகத்தின் முதற்பாட்டில் அவனை எழுப்புக என்ற கோரிக்கை இல்லை. அவள் என்னென்ன சொல்லி இறைவனை அழைக்கிறாள் என்பதையே அடுக்கிக் காட்டி, இவள் இங்ஙனம் வாடுவது உமக்குத் தகுமோ என்று வினவுகிறார்.

அவர் கேட்டறிந்த பின் வேண்டினார். நாங்களோ கேளாமலே வேண்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் என் மனைவி சென்று, "தீதி, நாங்கள் எதை வேண்டவேண்டும்?" என்று கேட்டாள். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாராம்: "அவர் வலியில்லாமல் போகவேண்டும், தங்கையே. எனக்கு முன்னால் போகவேண்டும். நான் போய்விட்டால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க யார் இருக்கிறார்கள்?"

ஆயுள் வேண்டி நாங்கள் ஏறிய படிகளை எண்ணி நாணினேன்.

அடுத்த ஞாயிறன்று குருக்கள் வழக்கம்போல் நட்சத்திரம் கேட்டார். முதியவரின் நட்சத்திரம் எங்களுக்குத் தெரியாது. தெரியாதார்க்குச் சுவாமி பெயரிலேயே அருச்சனை செய்வதுண்டு, அவ்வாறே செய்தார். சங்கற்பத்தில் ஆயுள் என்ற சொல்லும் வந்தது. அதை மாற்றச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தீபாராதனையின்போது, அம்மையார் சொன்ன சொற்களை அவர் சொன்ன இந்தியிலேயே என் மனைவி மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்.