மேசையைப் போடுமுன் பாதையைப் போடுங்கள்

பறித்த கொழுந்துக்குக் காத்திருக்கத் தெரியாது. சாக்குக்குள் அமுங்கிக் கிடந்தால் தானாகவே சூடேறும், இலை சிவந்துபோகும், ருசி கெடும். வயல் நெல் போல ஒரு நாள் களத்தில் போட்டு வைக்கிற சரக்கல்ல இது. அதனால்தான் தேயிலைத் தொழிற்சாலையில் எந்த அறை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கொழுந்து நடக்கும் பாதை தீர்மானிக்கிறது. தோட்டத் துரையின் விருப்பம் அதற்குப் பிறகுதான்.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியபோது, அவருடன் கைகோத்தவர் இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன். இலங்கை மலைத் தொழிற்சாலைகளின் பழைய அமைப்பு எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. வாட்டும் தளம் மாடியில் இருக்கும். வந்து சேர்ந்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். பரப்பிப் போட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காற்றோட்டத்தில் வாட்டினால்தான் இலை துவளும். கீழே அடுப்பு எரியும் இடத்திலிருந்து வெப்பக் காற்றை மேலே இழுத்து விடுவார்கள். வாடிய இலை சரிவுக் குழாய் வழியே கீழ்த்தளத்து உருட்டு இயந்திரத்தில் விழும். பிறகு புளிக்க வைப்பது, உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது, பெட்டியில் அடைப்பது. புவியீர்ப்பு இலவசமாக வேலை செய்கிற கட்டடம்! சுமார் ஐந்து கிலோ கொழுந்து உள்ளே போய் ஒரு கிலோ தேயிலையாக வெளியே வருகிறது. போன வழியில் அது திரும்புவதே இல்லை.

எதை எதோடு சேர்க்கக்கூடாது என்பதையும் இந்தத் தொழில் கற்றுக்கொடுக்கிறது. புளிக்க வைக்கும் இடம் குளிர்ச்சியாக, ஈரமாக இருக்க வேண்டும். அடுப்பு அறைச் சூடு அங்கே எட்டக்கூடாது. சலிக்கும் இடத்தில் மெல்லிய தூசும் நாரும் பறக்கும், ஆகவே அது கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஆகாது. தேயிலை எந்த வாசனையையும் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். கிடங்குக்கு அருகே டீசல் பீப்பாயோ சமையலறையோ இருந்தால் அந்த வாடையும் விலைக்குப் போகும்.

இந்தக் கண்ணோடு நம் அலுவலகங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. காற்றும் வெளிச்சமும் வருகிற மூலை மேலாளருக்கு, அடுத்தது அவருக்கு அடுத்தவருக்கு, மிச்சமிருக்கும் இருட்டு கிராணிக்கு. காகிதம் தன் போக்கில் அலைகிறது. கொழுந்து கெட்டால் மறுநாளே தெரிந்துவிடும். நாள் முழுக்க நடந்து தீர்ந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நிறுவை முடிந்த சீட்டு கிராணி மேசைக்கு வர நாலு அறையைக் கடக்க வேண்டியிருந்தாலும், சம்பள நாளில் வரிசை கணக்குப் பிரிவின் நடுவே நீண்டாலும், அது ஆள் குறைவினால் வந்த கோளாறு அல்ல, இடத்தின் கோளாறு.

அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்டு மியூதர் 1961இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு முறை சொன்னார். பிரிவுகளை இரண்டிரண்டாக எடுத்து, அவை எவ்வளவு நெருங்கி இருக்க வேண்டும் என்று ஆறு படிகளில் மதிப்பிட வேண்டும். 'கட்டாயம் பக்கத்தில்' என்பது ஒரு முனை, 'பக்கத்தில் கூடவே கூடாது' என்பது மறுமுனை. அளவும் சுவரும் பிறகு. தொழிற்சாலைக்காக எழுந்த இம்முறையை அலுவலகங்களும் எடுத்துக்கொண்டன.

மனிதப் பேச்சுக்கும் தூரம் உண்டு. எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் பொறியாளர்களைக் கவனித்து 1977இல் எழுதியபடி, இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவெனக் குறைகிறது. ஐம்பது மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய இல்லை. அப்படியென்றால் சுவர்களை எல்லாம் இடித்துவிடலாமா? 2018இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வாளர்களின் கட்டுரை வேறு கதை சொல்கிறது. இரண்டு பெரிய நிறுவனங்கள் திறந்த கூடத்துக்கு மாறியதும் நேரடிப் பேச்சு சுமார் எழுபது விழுக்காடு குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஆட்கள் காதில் ஒலிப்பானை மாட்டிக்கொள்கிறார்கள்.

கேமரன் மலையில் உள்ள லெம்பா பெர்த்தாமில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆற்றிலிருந்து எவ்வளவு உயரத்தில்? 2013 அக்டோபர் 23 அதிகாலை, ரிங்லெட் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் ஆற்றோரம் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. கோப்பு அலமாரியும் கணினியும் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மலை ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பிடிப்பதையும் மறக்கக்கூடாது. சரிவு மண்ணை ஒட்டிய சுவரில் அலமாரியைச் சாத்தாதீர்கள்.

இந்த மலையில் ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ கடைவீடு எடுத்து அலுவலகம் போட நினைப்பவர்கள் தச்சரை அழைக்குமுன் ஒரு வாரம் பொறுங்கள். யார் யாரிடம் எத்தனை முறை எழுந்து போகிறார், எந்தச் சத்தம் யாரைக் கெடுக்கிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் சுவர் போட வேண்டும். மேலாளருக்குச் சன்னல் கிடைக்காமல் போனால், போகட்டும்.